மெயினை நிறுத்திய பிறகும்

சம்பூரில் எங்கள் வீடு மண்சுவர், தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை. மின்சாரம் முற்றத்துச் சோலார் பலகைகளிலிருந்து வருகிறது. மாரிக்கு முன் கூரை வேய தங்கராசா அண்ணன் வந்தார்.

"கரண்ட் இருக்கோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணன், மெயினை நிப்பாட்டிட்டன்."

பழைய கட்டுகளை அறுக்கும்போது கத்தி பலகைகளிலிருந்து மெயினுக்குக் கூரைக்குள் ஓடிய சோலார் வயரில் பட்டது. பொறி பறந்து கிடுகு பற்றியது. நல்லகாலம், சுவர் பூசக் குழைத்த களிமண் வாளியில் இருந்தது. நான் வாளியைத் தூக்கிக் கொடுக்க, அண்ணன் அள்ளி அப்பி அணைத்தார். இறங்கி வந்து கேட்டார்:

"மெயினை நிப்பாட்டினா வெயில் நிக்குமோ, தங்கச்சி?"

இப்போது வயரைச் சுவரோரக் குழாயில் விட்டிருக்கிறோம். கூரை வேலையென்றால் முதலில் பலகைகளைத் வெயில் புகாத தடித்த படங்குத் துணியால் மூடுகிறேன். அண்ணன் என்னிடம் கரண்ட் இருக்கோ என்று கேட்பதில்லை. படங்கைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்கிறார்.