ஆளில்லாத கரையைக் கேட்டவர்

போன மாசி மாதம் நான் பூநகரிக்குப் போனதற்குக் காரணம் ஒரு படத்துக்கு வந்த ஓடர். கனகராயன்குளத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய்ச்சாயத்தில் குளம், வயல், பனங்கூடல் என்று கீறி முகநூலில் போடுவேன். நாலு வருசத்தில் விற்றவை எல்லாம் சொந்தக்காரருக்குத்தான். முன்பின் தெரியாத ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. கொழும்பில் இருப்பதாகவும் பெயர் ரமேஷ் என்றும் சொன்னார். கடற்கரையில் ஓர் இடத்தை வட்ஸ்அப்பில் குறித்து அனுப்பி, "இந்த இடத்தில நின்னு வடக்குப் பார்த்து வரையணும். நிலம், தண்ணி, வானம் மட்டும் போதும். ஆள், படகு, குடிசை எதுவும் வேணாம்" என்றார். அலுவலகச் சுவரில் மாட்டவாம். வெறுமையான படம் பிடிக்கிறவர்களும் இருப்பார்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கு ஏ9 வீதியில் பஸ் ஏறினேன். பரந்தன் சந்திக்கு ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தேர்பன்ரைன் போத்தல் மணத்ததும் கொண்டக்டர் என் பையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, உதென்ன, பெற்றோலோ?"

"இல்லை, பெயின்ற் கரைக்கிறது."

"வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கவோ?"

"படம் கீற."

அவர் நம்பவில்லை. போத்தலைத் தன்னுடைய இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து, பரந்தனில் இறங்கும்போதுதான் திருப்பித் தந்தார். அங்கிருந்து பூநகரி இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர். ஞாயிறில் பஸ் குறைவு. முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். பூநகரிச் சந்தியில் ஓட்டோவுக்கு எண்ணூறு ரூபா. கடைசி ஒரு கிலோமீற்றர் மணல் பாதை என்பதால் நடக்கவேண்டியிருந்தது.

ரமேஷ் குறித்த இடத்தில் மூன்றுகால் தாங்கியை ஊன்றினேன். காற்று பலம் என்பதால் கால்களில் கல் கட்டித் தொங்கவிட்டேன். முன்னால் களப்பின் ஆழமில்லாத கடல்நீர், சாம்பலும் வெள்ளியுமாக. வலப்பக்கம் மீனவரின் இரண்டு வாடிகள், ஓலைக் கொட்டில்கள்தான். கரையில் மூன்று வள்ளங்கள், காயப்போட்ட வலை. அதை எல்லாம் விட்டுவிட்டு வானத்தையும் தண்ணீரையும் நிலத்தையும் போட்டேன். பத்து மணிக்குள் அடிச்சாயம் முடிந்துவிட்டது. நன்றாகவே வந்திருந்தது.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்கள். என்னோடு கதைக்கவில்லை. ஒருவர் தொலைபேசியில் என்னைப் படம் எடுத்தார். சற்று நேரத்தில் வாடிப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தா. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையெல்லாம் நண்டு கீறிய தழும்பு. பெயர் ஜெசிந்தா என்று பிறகு தெரிந்தது.

"நிலம் அளக்க வந்தனீங்களோ?"

"இல்லை அக்கா, படம் கீறுறன்."

"போன வருசமும் ஒராள் மூண்டு கால் வைச்சுப் பாத்திட்டுப் போனவர். பறவை பாக்க வந்ததெண்டவர். அடுத்த மாதம் எல்லைக் கட்டை அடிச்சுக் கிடந்தது. இறால் பண்ணை வரப்போகுதாம். நாங்கள்தான் பிடுங்கி எறிஞ்சனாங்கள்."

சொல்லிக்கொண்டே என் பின்னால் வந்து கன்வஸைப் பார்த்தா. 

"எங்கட வாடி எங்க?"

"அது... கேட்டவர் வேண்டாமெண்டவர்."

"வள்ளம்?"

"அதுவும் வேண்டாமாம்."

"கேட்டவர் ஆர்?"

ரமேஷ் என்றேன். முழுப்பெயர் தெரியாது. எந்த அலுவலகம் என்றும் தெரியாது. சொல்லச் சொல்ல என் பேச்சே எனக்குச் சரியாகப் படவில்லை. அதே நேரம் எனக்கு அவவிலும் சந்தேகம் வந்தது. இவர்களும் நேற்று வந்து கொட்டில் போட்டவர்களாக இருக்கலாமே? வாடியைப் பார்த்தேன். உப்பு அரித்து அடி மெலிந்த தூண்களோடு புதுத் தூண்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவற்றிலும் சில அரிக்கத் தொடங்கியிருந்தன.

"ஃபோனை எடுங்கோ தம்பி, கதைப்பம்" என்றா ஜெசிந்தா அக்கா.

ஸ்பீக்கரில் போட்டேன். நான் வணக்கம் சொல்ல முன்னமே ரமேஷ் கேட்டார்: "ஏன், அங்க ஆளுங்க நிக்கிறாங்களா?"

"ஓம். இந்தப் படம் எதுக்கு எண்டு கேக்கினம்."

"யார்கிட்டயும் பேச வேணாம். வரைஞ்சிட்டுக் கிளம்புங்க."

தொடர்பு அறுந்தது. மோட்டார் சைக்கிள்காரர் இருவரும் கிட்ட வந்தார்கள்; அவர்களும் வாடிக்காரர்தான். ஜெசிந்தா அக்கா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினா. என்னை ஏசவில்லை. "இனி உங்கட விருப்பம்" என்றா, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆளே இல்லாத வெறும் கரை என்று காட்டுகிற படத்துக்கு ஒருவர் என்ன தேவைக்காக இவ்வளவு அவசரப்படுகிறார் என்ற யோசனை விடவில்லை. தூரிகையை எடுத்து வாடிகளைப் போட்டேன். பிறகு வலை. பிறகு வள்ளங்கள். அக்கா பின்னால் நின்றபடியே திருத்தினா.

"என்ர வள்ளம் பச்சையில்லை, நீலம். நம்பரையும் எழுதுங்கோ."

"இவ்வளவு தூரத்தில நம்பர் தெரியாது அக்கா. ஒரு புள்ளி மாதிரித்தான் வரும்."

"நம்பர் இல்லாட்டில் ஆரின்ர வள்ளமெண்டு ஆருக்குத் தெரியும்?"

படமாகப் பார்த்தால் அது பிழை. இருந்தாலும் மிக மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். மோட்டார் சைக்கிள்காரரில் ஒருவர் வாய்விட்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சரிபார்த்தார்.

அன்று பின்னேரமே படத்தை ஃபோனில் பிடித்து ரமேஷுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "படகு, குடிசையை அழிச்சிட்டு அனுப்புங்க. எண்ணெய்ச்சாயம்தானே, மேல பூசலாம்" என்று பதில் வந்தது. உண்மைதான், பூசலாம். அரைமணித்தியாலத்தில் முடிகிற வேலை. முதல் ஓடர் வேறு. ஏன் அழிக்கவேண்டும் என்று கேட்டு எழுதினேன். அவர் வாசித்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. மூன்றாம் நாள், அவர் முதலில் என்னைத் தொடர்புகொண்ட முகநூல் கணக்கும் காணாமல் போயிருந்தது. அவர் உண்மையில் யார், எனக்கு இன்றுவரை தெரியாது. வெறும் வானத்தை விரும்பிய ஒரு மனிதராகவும் இருந்திருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

படம் காய ஒரு மாதம் எடுத்தது. பரந்தனில் மரச்சட்டம் போடக் கொடுத்த கடையில் ஒரு தாதி பார்த்து, அங்கேயே வாங்கிப் போனா. அவவும் முதலில் கேட்டது, "இந்த நம்பர் உண்மையானதோ?"

இந்தப் பக்கம் வரைய வருகிறவர்களுக்குச் சில விசயங்கள். தாங்கியை ஊன்றமுதல் கரையில் நிற்பவர்களிடம் போய், நீங்கள் யார், யாருக்காகக் கீறுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அது உங்களுக்கே தெரியாவிட்டால் வீட்டிலேயே நில்லுங்கள். ஈரக் கன்வஸ் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து, மூலைகளில் தக்கைத் துண்டு செருகிக் கட்டினால் பஸ்ஸில் பழுதாகாது. தண்ணீர் கொண்டுபோங்கள், கரையில் கடை இல்லை. காற்று பத்தரைக்குப் பிறகு கூடும். பின்னேரம் திரும்பும் பஸ்ஸை ஓட்டோக்காரரிடம் முதலே கேட்டு வையுங்கள்.

சித்திரையில் ஓடர் எதுவும் இல்லாமல் அதே கரைக்கு மறுபடி போனேன். ஜெசிந்தா அக்கா தூரத்திலேயே கண்டுவிட்டா.

"இண்டைக்கு ஆருக்கு?"

"எனக்குத்தான் அக்கா."

நம்பினாவோ தெரியாது. வாடிக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டு, "இருந்து கீறுங்கோ" என்றா. பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, நான் முடிக்கும்வரை நின்றா.