போர்வைக்குள் வெளுத்த சிவப்பு

இந்தோனேசியாவில், பெக்காலோங்கான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது கஸ்மானின் வேலை. பேச்சைக் கேட்டாலோ, கிருமிகளுக்கெல்லாம் அவர்தான் தாய்மாமன் என்று தோன்றும். வழிவழியாகத் தெம்பே போடும் குடும்பம். வேகவைத்த சோயாவில் பூஞ்சணம் தூவி, இலையில் மடித்து, சாக்கால் மூடிவைத்தால் கெட்டியான தெம்பே ஆகிவிடும். "கதகதப்பா வச்சா எந்த உசிரும் சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். அவர் மட்டும் போர்வைக்குள் நுழைந்துவிட்டால் கூரை ஒழுகினாலும் காதில் விழாது.

அந்த வாய்தான் வினையானது. மனைவி ரும்யாதி பாத்திக் பட்டறையில், சாயம் ஏற்றுமுன் துணியில் மெழுகால் பூ வரைபவள். தன் தங்கை கல்யாணத்துக்கென்று ஒரு பட்டுச் சால்வையில் ஆசை ஆசையாய் வரைந்து வைத்திருந்தாள். அதைச் சாயத்துக்குக் கொடுக்கவிடாமல் கஸ்மான் மறித்தார். கல்லூரியில் பேராசிரியை வெனிங் அம்மா, அந்த ஊர் வழக்கில் இபு வெனிங், வளர்க்கும் பாக்டீரியா ரத்தச் சிவப்பாய்ச் சாயம் சுரக்கிறது, அதில் முக்கித் தருகிறேன் என்றார். பட்டறையே சிரித்தது.

"கிருமியில முக்குனதப் போத்திக்கிட்டுப் போனா, பந்தியில எவ என் பக்கத்துல உக்காருவா, பாக்னே?" என்றாள் ரும்யாதி. புருஷனை அவள் 'பாக்னே' என்றுதான் கூப்பிடுவாள்.

"கிருமியக் கொன்னுட்டு நிறத்த மட்டும்தான் எடுப்பாங்க. சிவக்கலேன்னா மீசைய எடுத்துடறேன்."

இபு வெனிங் சம்மதித்தார். பாக்டீரியா வளரும் குடுவையை மேசைமேல் வைத்து, "தொடாதீங்க, பாக்" என்று கஸ்மானிடம் மரியாதையாய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மின்விசிறிக் காற்றில் அத்தனை உயிர்கள் போர்த்த ஒன்றுமில்லாமல் கிடப்பது கஸ்மானுக்குப் பொறுக்கவில்லை. தெம்பேக்குச் செய்வதுபோல் குடுவையைப் பழைய போர்வையால் சுற்றி, எப்போதும் சூடாக இருக்கும் உலர்த்தும் பெட்டியின்மேல் வைத்தார்.

காலையில் விலக்கிப் பார்த்தால் கள்ளுபோல் வெளுப்பு. நாளை மறுநாள் கல்யாணம். மீசை போனால் போகட்டும். பட்டறைப் பெண்கள் நடுவே ரும்யாதி சாயமேறாத சால்வையோடு நிற்பதை நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"செத்துப்போச்சா, இபு?"

இபு வெனிங் போர்வையைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "சாகறதாவது. நல்லா பெருகியிருக்கு. சாயம் பண்றதுக்குன்னே அதுங்க உடம்புல மரபணுக்கள் இருக்கு. சூடு கம்மியா, இதமா இருந்தா அதெல்லாம் வேல செய்யும். நம்ம உடம்புச் சூட்டுக்கு ஏத்திட்டா வாயடைச்சுக்கும். அப்புறம் தின்னும், பெருகும், சாயம் மட்டும் பண்ணாது."

"இனிமே சிவக்காதா?"

"அதே உசிருதான, பாக். போர்வய எடுத்துட்டு விசிறிக்குக் கீழ வைங்க. குளுந்தா வேலைக்கு வந்துடும்."

அன்று முழுக்கக் கஸ்மான் குடுவையைவிட்டு நகரவில்லை. சாயங்காலம் இளஞ்சிவப்பு தட்டியது. மறுநாள் காலையில் நல்ல சிவப்பு. இபு வெனிங் கிருமியைக் கொன்று, நிறத்தைப் பிரித்தெடுத்து, சால்வையை முக்கிக் கொடுத்தார். ரும்யாதி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். மனிதர் அத்தோடு விட்டிருக்கலாம். போர்வைக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லித் தொலைத்தார்.

கல்யாணத்தன்று காலை மழை. கஸ்மான் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாய்க் கிடந்தார். திடீரென்று போர்வை பறந்தது. தோளில் சிவப்புச் சால்வையோடு நின்ற ரும்யாதி, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டாள்.

"திக், குளுருது" என்று மனைவியைக் கொஞ்சலாய்க் கூப்பிட்டு முனகினார்.

"குளுரட்டும், பாக்னே. வேல செய்யறதுக்கு உள்ள எல்லாம் இருக்குன்னு எனக்குத் தெரியும். பந்தல்ல நாற்காலி போட ஆளில்ல."

கஸ்மான் எழுந்துபோய் நாற்காலி போட்டார்.