பாட்டில் பிடித்தவளின் லெட்டர்

‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பதை அழித்து ‘ஃபார் த்ரீ டேஸ்’ என்று தட்டினேன். சத்தியவேடு பஸ் நிலையத்துக்கு எதிரே எட்டு வருடம் நான் பார்த்த தொழில் அவ்வளவுதான்: ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்குப் போகும் லெட்டர்களில் தப்பை எடுப்பது. இப்போது அதைச் செல்போன் செய்கிறது. எனக்கு அந்தத் தப்புகள்தான் ஞாபகம் வருகின்றன. ‘ஹேஸா, ஹேவா’ என்று பாதி வாக்கியத்தில் நின்று வியர்த்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே ஊர்.

கடன் கேட்ட வெல்டர்

வெல்டர் ஒருவர், கிருத்திகைக்கு ஒரு நாள் லீவு ‘பாரோ’ பண்ணும்படி மேலதிகாரிக்கு எழுதிக்கொண்டு வந்தார். வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட், லீவுக்கு இரண்டுமே ஆகாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேரே சட்டையை உதறினார்.

“குடுக்கறதா இருந்தா எப்டி எழுதினாலும் குடுப்பாரு சார். நீங்க கிருத்திகைக்குள்ள அடிச்சிக் குடுங்க.”

நல்ல லெட்டர்

மேலே சொன்ன மூன்று நாள், ஸ்ரீ சிட்டி கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் வசந்தாவுடையது. தன் நைனாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்த அவசரத்தில் கம்பெனிக்குச் சொல்லாமல் மூன்று நாள் வேலைக்கு நின்றுவிட்டாள். மெமோ வந்தது. விளக்கம் சரியில்லை என்றால் வேலை இல்லை. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அவள் எழுதி வந்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு கமா பிசகாமல் அடித்துக் கொடுத்தேன். ‘அன்ஃபோர்சீன் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ என்றெல்லாம் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அதே காகிதத்தோடு வந்து நின்றாள். சூப்பர்வைசர் முதல் வரியிலேயே ‘இதி நீ லெட்டர் காது’ என்று தள்ளிவிட்டாராம். லெட்டரே உன்னுடையது இல்லை, ஆஸ்பத்திரி மட்டும் எப்படி நிஜம் என்று கேட்டாராம். மறுநாள் காலைவரை கெடு. அவளுக்குக் கோபம்கூட இல்லை.

“நீங்க நல்லா எழுதிட்டீங்க சார். அதான் வம்பாப் பூட்ச்சி.”

கைப்பட

கம்ப்யூட்டரை அணைத்தேன். வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை அவளையே எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘மை ஃபாதர் அட்மிட். ஐ ஹோல்ட் குளுக்கோஸ் பாட்டில். ஸ்டாண்ட் நோ.’ பாட்டிலை மாட்ட அங்கே ஸ்டாண்ட் இல்லையாம். என் விரல் தாளை நோக்கிப் போயிற்று. அடக்கிக்கொண்டேன். இரண்டாம் முறை போனபோது உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“தொடாதீங்க சார். பாட்டிலப் புட்சிக்கினு நின்னது நான்.”

அடுத்த வாரம்

வேலை போகவில்லை. சூப்பர்வைசர் கடைசிவரை படித்துவிட்டு, எந்தக் கையில் பிடித்தாய் என்று மட்டும் கேட்டாராம். இதைச் சொல்ல வந்தவள், அவள் லைனில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தாள். அவளிடமும் ஒரு மெமோ. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“எனுக்கு இங்கிலீஷு சுத்தமா வராது. நீங்களே அடிச்சிடுங்க சார்.”

நான் கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வசந்தா மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.