கொழுத்த ஈயும் பிஞ்சு முட்டையும்

1. வெள்ளிக்கிழமை மீட்டிங்

"கலா, ஆர்.என்.ஏ அளவும் மாறல, புரோட்டீன் அளவும் மாறல. நீ பிடிச்சிட்டிருக்கிற புரோட்டீன் எதையுமே கன்ட்ரோல் பண்ணலம்மா. திங்கக்கிழமை வேற ப்ராஜெக்ட் பத்திப் பேசலாம்."

பெங்களூரு ஆய்வகத்தில் எங்கள் மேடம் இதைச் சொன்னபோது என் பிஎச்டி மூன்றாம் வருடத்தைத் தாண்டியிருந்தது. வேறு ப்ராஜெக்ட் என்றால் மறுபடியும் முதலிலிருந்து. ஃபெல்லோஷிப் அதுவரை தாங்காது. பட்டம் கிடைக்காது என்பதைத்தான் அவர் நாகரிகமாகச் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் புரதம் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அது இல்லாத பழ ஈக்கள் முட்டை இட்டன, ஒன்றுகூடப் பொரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் புரதம் போனதற்காக யாருடைய முட்டையும் கெட்டுப்போகாது.

2. மாரிகுப்பம் ரயில்

மறுநாள் காலை எங்கள் தங்கச்சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், பெங்களூரு போகும் முதல் ரயிலில் ஏறினேன். கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் செல்வி அக்கா, ரயில் கிளம்பும் மாரிகுப்பத்திலேயே ஏறி, பையை வைத்து எனக்கு ஜன்னலோரம் பிடித்திருந்தார்.

"இன்னா கலா, மொகம் ஏன் இப்டி கீது?"

சொன்னேன்.

"ஈ முட்டை பொரிக்கலன்னா உனுக்கு இன்னாடி? வுட்டுட்டு வேற வேலய பாரேன்."

"அந்த முட்டைலதான்க்கா என் பட்டமே கீது."

"சரி, எனுக்குப் புரியற மாரி சொல்லு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்; சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ் எல்லோருக்கும் தெரியும். முட்டையாகப் போகிற செல், பின்னால் வேண்டிய புரதங்களுக்கான ஆர்.என்.ஏ நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது. நகல் இருக்கிறதே என்று உடனே புரதம் உருவாகிவிடக் கூடாது. சில புரதங்கள் அந்த நகலைப் பிடித்து வைத்திருந்து, உரிய கட்டத்தில் விடுவிக்கும். என்னுடையதும் அந்த வகை.

"ஷாஃப்டுல கேஜு ரெடி. ஆளுங்க ஏறி நிக்கறாங்க. பெல் அடிக்காம கேஜு எறங்குமா?"

"எப்டி எறங்கும்? எங்கப்பா அந்த கேஜுலதான எறங்கினாரு."

"என் புரோட்டீன்தான் பெல் அடிக்கற வரைக்கும் கேஜ புடிச்சி வெக்கற ஆளு. அந்தாளு இல்லன்னா, கேஜு நேரத்துக்கு முன்னாடியே..."

பாதியில் நிறுத்திவிட்டேன். செல்வி அக்கா என் தோளை உலுக்கினார். நேரத்துக்கு முன்னாடி! நாங்கள் பார்த்ததெல்லாம் கேஜ் இறங்கி முடிந்த பிறகு அல்லவா!

3. ஈஸ்ட் வைக்கும் வழக்கம்

ஈ வளர்க்கும் எந்த லேபிலும் ஒரு பழக்கம் உண்டு. டிசெக்ஷனுக்கு முன்பு பெண் ஈக்களுக்கு ஈஸ்ட் பேஸ்ட் வைப்பார்கள். தின்று கொழுத்தால் சினைப்பை பெருத்து, ஃபோர்செப்ஸில் அழகாக வரும். ஆனால் பெருத்த சினைப்பையில் பெரும்பகுதி முற்றிய முட்டைகள். அவற்றில் பெல் எப்போதோ அடித்தாயிற்று. நல்ல ஈயிலும் என் புரதம் இல்லாத ஈயிலும் அந்த நகலின் புரதம் இருக்கத்தான் செய்யும். நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து அளந்தோம். சினைப்பையின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக இருக்கும் இளம் செல்களின் கதை அதில் அமுங்கிப் போயிற்று.

கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈக்கு முற்றிய முட்டை இருக்காது. பெரும்பாலும் காலையில்தான் அவை வெளிவரும். முதல் ரயிலில் வருகிறேன் என்பதால், இணை சேர்வதற்குள் அவற்றைப் பிரித்து வைக்கும் வேலை தினமும் என் தலையில்தான் விழும். அன்றைக்கு அந்த வேலையைக் கும்பிட்டேன்.

ஈஸ்ட் வைக்கவில்லை. இறக்கைகூடச் சரியாக விரியாத ஈக்களை எடுத்தேன். சினைப்பை கண்ணுக்கே தெரியவில்லை. முதலில் எடுத்தவை கிழிந்தன. கை பழகியதும் ஒழுங்காக வந்தன. சனியும் ஞாயிறும் டிசெக்ஷனிலும், புரதத்துக்குப் பச்சை நிறமேற்றும் ஸ்டெயினிங்கிலும் போயின.

திங்கள் காலை மேடத்தை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். ஆர்.என்.ஏ இரண்டு வகை ஈயிலும் ஒரே அளவில் இருந்தது. நல்ல ஈயின் இளம் செல்களில் அந்த நகலின் புரதம் இல்லை, ஒரே இருட்டு. என் புரதம் இல்லாத ஈயில் நுனி முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது.

மேடம் ஸ்லைடை மாற்றிப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார்.

"ஈயைக் கொழுக்க வச்சு நாமளே ரிசல்ட்ட மறைச்சிருக்கோம்" என்று சிரித்தார். "ப்ராஜெக்ட் உன்னோடதுதான். போய் டீ குடி."

மாடிப்படியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

இன்று என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முட்டையாகப் போகிற ஜெர்ம் செல்லில் ஆர்.என்.ஏ இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. அது எந்தக் கட்டத்தில் புரதமாகிறது என்பது மீதி. எந்தக் கட்டத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஈஸ்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

அந்தத் திங்கள் மாலை ரயிலில் செல்வி அக்கா பையை எடுத்து இடம் விட்டார்.

"இன்னா, ஈ பாஸாயிடுச்சா?"

"ஈ ஃபெயிலுக்கா, முட்டை பொரிக்கவே இல்ல. நான்தான் பாஸ்."