கோதண்டராமன் வண்டியில் ஒரு கல்விச் சுற்றுலா

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து உடல் ஏற்றிவந்து இறக்கிய நாட்களில் கோதண்டராமன் நேராக வீட்டுக்கு வரமாட்டார். மதுராந்தகம் ஏரிக் கலங்கல் ஓரமாக வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, வாளி வாளியாகத் தண்ணீர் அடிப்பார். ஸ்டியரிங்கை மட்டும் தனியாக, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, ஈரத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பார். பிறகு தானும் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டி எங்கள் தெருப் பக்கம் வரும். தெருமுனையில் ஒரு ஹாரன். அதைக் கேட்டதும் அவர் மகள் காயத்ரி சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்து நிற்பாள்.

எங்கள் ஊரில் யார் ஆஸ்பத்திரியில் இறந்தாலும் உடலைக் கொண்டுவருவது அவர் வேன்தான். இல்லாதவர்களிடம் வாடகை கேட்கமாட்டார். ஆனால் கல்யாணம் என்றால் ஊர்க்காரர்கள் வேறு வண்டி பேசிவிடுவார்கள். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

2001இல் காயத்ரியும் நானும் செங்கல்பட்டில் வேதியியல் இறுதியாண்டு படித்தோம். பேராசிரியர் தேசிகன் எங்கள் வகுப்பைக் கல்விச் சுற்றுலா அழைத்துப்போவதாக அறிவித்தார். காலையில் சென்னையில் தடய அறிவியல் ஆய்வகம், மதியம் ஒரு பல்கலைக்கழகத்தின் தடய அறிவியல் துறை, திரும்பும் வழியில் மாமல்லபுரம். காயத்ரிக்கு அந்தத் துறையில் எம்.எஸ்சி. சேர ஆசை. அவள் அப்பாவின் எண்ணம் வேறு. அச்சிறுப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். சுற்றுலாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்ற வருவதாக ஏற்பாடு.

சுற்றுலாவுக்கு அவர் வேனையே பேச தேசிகன் வந்தபோது, கோதண்டராமன் சொல்லிவிட்டார்.

"சார், டீசல் மட்டும் போடுங்க, வண்டிய நானே எடுத்தாறேன். அங்க இன்னாதான் கீதுன்னு என் கண்ணால பாக்கணும். ஒரு பொணம் கண்ணுல பட்டாலும் சரி, அத்தோட முடிஞ்சுது படிப்பு. இந்தப் பொழப்பு என்னோட போவட்டும்."

காயத்ரி அவர் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று டிரைவர் பக்கத்து இருக்கைதான் எனக்குக் கிடைத்தது. அவர் பேச்சுக்குப் பயந்து ஒரு கவிதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். சிங்கப்பெருமாள்கோயில் ரயில்வே கேட் நெரிசலில் வண்டி நின்றபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, லைனு பாதியிலயே நின்னுகினு கீது? மிச்ச எடத்த வாடகைக்கு வுடப் போறானா?"

"புதுக்கவிதைங்க."

"பழசே எனக்குப் புரியல. நீ புதுசுக்குப் போய்ட்ட."

வேனே சிரித்தது. காயத்ரி மட்டும் சிரிக்கவில்லை.

ஆய்வகத்தில் எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்தவர் மீரா என்ற விஞ்ஞானி. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியாக உள்ளே வந்த கோதண்டராமன், எடுத்த எடுப்பில் கேட்டார்.

"பொணத்தயெல்லாம் எங்கம்மா வச்சிகிறீங்க?"

பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மீரா சிரிக்கவில்லை.

"பொணம் இங்க வராதுங்க. அது ஆஸ்பத்திரியோட சரி. விஷம் இருக்கான்னு பாக்க, பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சம் பாகம் வரும். பொய் சொல்லக் கூடாது, மேல் மாடியில இருக்கு."

அவர் முகம் இறுகியது. மகளைப் பார்த்தார். அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

அடுத்த மேசையில் உடைந்த ஹெட்லைட் பல்பு ஒன்று இருந்தது. தீர்ப்பாகிவிட்ட பழைய வழக்காம். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். "லைட் போடாம வந்து இடிச்சான்னு டிரைவர் மேல கேஸ். போட்டுட்டுதான் வந்தேன்னு அவர் சொல்றார். யார் சொல்றது நிஜம்?" என்றார் மீரா.

தன் தொழில் என்றதும் கோதண்டராமன் முந்திக்கொண்டார். பல்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது முன்னாடியே பீஸ் போன பல்பும்மா. எத்தினி மாத்திகிறேன்! இதுல எங்க லைட்டு எரியறது? டிரைவர் ஏமாத்தறான்."

மீரா பல்பை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து எங்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினோம். காயத்ரி குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு மெல்லச் சொன்னாள்.

"எரிஞ்சிட்டுதான் இருந்திருக்கு மேடம்."

"எப்படிச் சொல்ற?"

"உள்ள இருக்கற இழையில கண்ணாடித் தூள் உருகி ஒட்டியிருக்கு. இழை சூடா இருந்தாத்தானே உருகும்? அணைஞ்சிருந்தா கண்ணாடி உடைஞ்சி கொட்டியிருக்கும், ஒட்டியிருக்காது."

"இதேதான் நாங்க கோர்ட்ல சொன்னது," என்றார் மீரா.

"நவுரு, நான் பாக்கறேன்." கோதண்டராமன் குனிந்தார். ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடினார். "ஒரே இருட்டா கீது." காயத்ரி அவர் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்து, திருகைத் திருப்பினாள்.

"அடேங்கப்பா," என்றார். "முத்து முத்தா கோத்துகினு கீது."

நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த டிரைவரு இப்ப எங்கம்மா?"

"விடுதலை ஆயிட்டார். வண்டி ஓட்டிட்டுத்தான் இருக்கார்."

"டிரைவர் பேச்ச எவன் நம்பறான்? நானே நம்பலியே," என்றார். பிறகு தேசிகனிடம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், நான் சொன்னது தப்பு. எம் பொண்ணு சொன்னதுதான் கரெக்ட்டு," என்றார். தப்பை ஒத்துக்கொள்ளும்போது ஒரு மனிதரின் மார்பு அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் அவர் வண்டியிலேயே இருந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் பாடத்திட்டத்தை விளக்கி முடித்து, ஏதாவது சந்தேகம் உண்டா என்றபோது எழுந்த ஒரே கை அவருடையது.

"ஹாஸ்டல்ல சோறு எப்டிங்க இருக்கும்?"

மாமல்லபுரத்தில் நாங்கள் அலையில் நின்றபோது, டயருக்குக் காற்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வந்து சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து முதலில் மகளிடம் நீட்டினார். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

வெள்ளிக்கிழமை உரக்கடைக்காரர்கள் வரவில்லை. "அப்பன் பொணம் ஏத்தறான், பொண்ணு அந்தப் படிப்புக்கே போவுதாம். எவன் கட்டுவான்? மாப்ள வூட்டுக்காரன் வேணாம்னுட்டான்" என்று ஊர் பேசியது. டீக்கடையில் முகத்துக்கு நேரே கேட்டவர்களிடம் கோதண்டராமன், "ஆமாம்பா, வேணாம்னுட்டானுங்க," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். காயத்ரியும் அப்படித்தான் நம்பினாள். அந்த ஆண்டே எம்.எஸ்சி. சேர்ந்தாள்; பிறகு ஆய்வகத்தில் வேலையும் கிடைத்தது. முதல்முறை அவள் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொன்ன நாளில், வேனைக் கழுவித் துடைத்து அவரே ஓட்டிப்போனார். "ஜட்ஜு பேனாவக் கீழ வச்சிட்டு கேட்டுகினு இருந்தாருப்பா," என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2008இல் நான் சிறுசேரியில் வேலை பார்த்தபோது, ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் அந்த உரக்கடைக்காரரின் தம்பி என்று தெரியவந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லையாம். சுற்றுலா போன அன்று சாயங்காலம், மாமல்லபுரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்திருக்கிறது. "பொண்ணு மேல படிக்கப் போவுதுங்க" என்றாராம் கோதண்டராமன். ரெண்டு வருஷம் காத்திருக்கிறோம் என்று அவன் அப்பா சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எம் பொண்ணுக்கோசரம் நீங்க தலகுனிய வேணாம். நீங்களே வேணாம்னு சொன்னதா வச்சிக்குங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.