ஆமை டைப் செய்துகொண்டிருந்தான்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. இது நடந்தது பாழடைந்த பங்களாவில் அல்ல, ஓர் அச்சகத்தில். அதுவும் பாதி நேரம், முதலாளி பக்கத்து அறையில் உட்கார்ந்து காகிதக் கடைக்காரரைப் போனில் திட்டிக்கொண்டிருந்த காலை வேளைகளில். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நேரத்தை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். நான் அப்போது கவனிக்கவில்லை.

அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. பாடப் புத்தகம், மருந்துப் பெட்டி லேபிள், பேருந்து கால அட்டவணை, எது வந்தாலும் செய்வேன். என் கம்ப்யூட்டர் ஒரு கிழடு. காலையில் ஆன் செய்தால் எழுத்துருக்கள் எல்லாம் ஏறிப் பக்கம் திறப்பதற்குள் இருபது நிமிடம் போய்விடும். மெஷின்களைப் பார்க்க வரும் டெக்னீஷியன்தான் அதற்கு வழி சொன்னார். வருஷம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பதால் அவருக்கு வைரஸ் அண்ணன் என்று பெயர்.

"ஷட் டவுன் போடாதம்மா. ஹைபர்னேட் போடு. திரையில என்ன இருக்கோ அதை அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு மெஷின் அணைஞ்சுடும். ஆறு மாசம் கழிச்சு வந்து பட்டனை அமுக்கினாலும் விட்ட இடத்துல வந்து நிக்கும்."

அன்றிலிருந்து தினமும் ஹைபர்னேட்தான்.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலு வயது சின்னவன். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஆற அமரத்தான் செய்வான். அதனால் சின்ன வயதிலிருந்தே ஆமை. கம்ப்யூட்டரில் நான் திறந்து வைத்திருக்கும் சாட் ஜன்னலில்கூட அவன் பெயர் ஆமைதான். ஒற்றை விரலால் டைப் செய்வான். பத்து நிமிடம் 'டைப்பிங்... டைப்பிங்...' என்று காட்டிக்கொண்டே இருக்கும். பெரிய காவியமே வரப்போகிறது என்று காத்திருந்தால் கடைசியில் 'சரி' என்று வந்து விழும். எத்தனை முறை சிரித்திருக்கிறேன்.

அவனுடன் சண்டை போட்டேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஏழு மணிக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். அப்பா தனியாகப் போய், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, பேருந்துக் கம்பியைத் தடவித் தடவிப் பிடித்துத் திரும்பி வந்தார். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. 'இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே' என்று அனுப்பினேன். படித்தான். பதில் இல்லை. இருபத்திரண்டு நாள் பதில் இல்லை.

அன்று வியாழக்கிழமை. அறிவியல் புத்தகத்தின் 46-ஆம் பக்கம். இலையின் படம், அதைச் சுற்றிப் பெயர்களும் அம்புக்குறிகளும். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நாலே காலுக்கு நான் கிளம்ப வேண்டும். 4:08-க்குத் தற்செயலாக சாட் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆமை... டைப்பிங்...

வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. இருபத்திரண்டு நாள் நான் காத்திருந்தேன், இவன் ஒரு ராத்திரி காத்திருக்கட்டும். இவன் அடித்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுவார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

4:10. மெனுவைத் திறந்தேன். ஹைபர்னேட். திரை கறுத்தது.

4:35-க்குப் பள்ளி வாசலில் போன் வந்தது.

மேலே நின்றிருந்த லிஃப்ட் இறங்கிவிட்டது. அவன் அடியில் குழிக்குள் இருந்தான். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

என் போனில் அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. அடித்ததை அவன் அனுப்பவே இல்லை. நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நான் பதில் சொல்லாததால்தான் போனை உள்ளே வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கியிருக்கிறான். இரண்டு வார்த்தை பேசியிருந்தால் இன்னும் பத்து நிமிடம் மேலேயே நின்றிருப்பான். இந்தக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. அப்பா இரண்டு கண்ணாலும் அழுதார். டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

பதினோரு நாள் கழித்து, திங்கட்கிழமை, வேலைக்குப் போனேன். காலை 9:05. பட்டனை அமுக்கினேன்.

46-ஆம் பக்கம் வந்தது. பக்கத்தில் சாட் ஜன்னல். ஆமை... டைப்பிங்...

மூலையில் கடிகாரம் 4:10 என்று காட்டியது. வியாழக்கிழமைத் தேதி. ஒன்று... இரண்டு... மூன்று வினாடி. பிறகு கடிகாரம் 9:06-க்குத் தாவியது. அந்த வார்த்தை மறைந்துவிட்டது.

பயப்படவில்லை. வைரஸ் அண்ணன் சொன்னதுதான் இது, விட்ட இடத்தில் வந்து நிற்கிறது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மாலையில் 71-ஆம் பக்கத்தில் நிறுத்தினேன். சாட் ஜன்னலை மூடினேன். ஹைபர்னேட் போட்டேன்.

செவ்வாய், காலை 9:02. 71-ஆம் பக்கம்தான் வர வேண்டும்.

46-ஆம் பக்கம் வந்தது. நான் மூடிய சாட் ஜன்னல் திறந்திருந்தது. டைப்பிங்... கடிகாரம் 4:09. ஒரு நிமிடம் போல அப்படியே நின்றது. 4:10 ஆனதும் திரை ஒரு முறை கறுத்து, 71-ஆம் பக்கம் வந்தது.

புதன். கடிகாரம் 4:07-இல் ஆரம்பித்தது. மூன்று நிமிடம். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்...

...டிக்.

அவன் போனில் எழுத்தைத் தொட்டால் வரும் சத்தம். 'அதை நிறுத்தித் தொலைடா' என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். ஒற்றை விரல். ஒரு எழுத்து, அப்புறம் யோசனை, அப்புறம் இன்னொரு எழுத்து. ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதன் வயரைப் பிடுங்கிப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

இங்கே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும், இல்லையா? நீங்கள் ஓடியிருப்பீர்கள். நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். என் தம்பி அடித்துக்கொண்டிருக்கிறான். என்ன அடிக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். திட்டுகிறானா? மன்னித்துவிட்டானா? அக்கா என்று கூப்பிடுகிறானா? எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான்.

வியாழன். 4:03. ஏழு நிமிடம். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறது என்பது புரிந்தது. இன்னொன்றையும் பார்த்தேன். இலைப் படத்தில் ஓர் அம்புக்குறி தானாக இடப்பக்கம் நகர்ந்தது. நான் மவுஸைத் தொடவில்லை. அதற்குள் முதலாளி வந்து நின்றார்.

"என்னம்மா, ஒரே பக்கத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"முடியலைன்னா வீட்டுக்குப் போம்மா."

வெள்ளிக்கிழமை காலையில் மெஷினை நான் ஆன் செய்யவே இல்லை. பக்கத்து மெஷினில் வேலை பார்த்தேன். ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கொஞ்சம் வேலை பாக்கி என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

மாலை 6:20. பட்டனை அமுக்கினேன்.

கடிகாரம் 3:52.

சாட் ஜன்னல். கடைசியாக நான் அனுப்பியது மட்டும் இருந்தது. 'இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே.' அதன் கீழே வெறுமை.

அப்புறம்... ஆமை... டைப்பிங்...

டிக்.

3:55. இலைப் படத்தில் ஒரு பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நான் வைத்த அதே இடம்.

டிக்... டிக்.

4:01. கீபோர்டில் கை வைத்தேன். 'சொல்லுடா' என்று அடித்தேன். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. வாய்விட்டே சொன்னேன். "டேய், சீக்கிரம்டா. இன்னும் ஒன்பது நிமிஷம்தான் இருக்கு."

சத்தம் நின்றது.

கேட்டுவிட்டானா?

பிறகு... டிக், டிக். கொஞ்சம் வேகமாக. வாழ்க்கையில் அவன் இவ்வளவு வேகமாக அடித்து நான் கேட்டதில்லை.

4:08. பாயிண்டர் அசைந்தது.

அது சாட் ஜன்னல் பக்கம் போய் நின்றது. பார்ப்பது போல நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவன் இல்லை. அது நான். அந்த வியாழக்கிழமை என் கை போன வழியில் போகிறது அது.

4:09. பாயிண்டர் மெனுவை நோக்கி நகர்ந்தது.

"வேண்டாம்..."

மவுஸை அழுத்திப் பிடித்தேன். பாயிண்டர் நிற்கவில்லை.

வயரைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை.

டிக். டிக். டிக்.

"இரு... அவன் அடிச்சு முடிக்கட்டும்... இரு..."

என்னிடமேதான் கெஞ்சினேன்.

மெனு திறந்தது.

ஹைபர்னேட்.

4:10.

திரை கறுத்தது. மின்விசிறி சுற்றி அடங்கியது.

இருட்டில்... இன்னும் ஒன்று.

டிக்.

எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என் கணவர் தேடி வந்து ஷட்டரைத் தூக்கியபோது கையில் மவுஸ் வயரைச் சுற்றிப் பிடித்திருந்தேனாம்.

திங்கட்கிழமை வைரஸ் அண்ணன் வந்தார். ஹைபர்னேட்டில் ஏதோ கோளாறு, பழைய திரையே வருகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் தும்முவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹைபர்னேட்டா? நீ லீவுல இருந்தியே, அப்பவே அதை ஆஃப் பண்ணிட்டேனேம்மா. டிஸ்க்ல இடமில்லைன்னு சார் கத்தினாரு. மெஷின் எழுதி வெச்சிருந்த ஃபைலும் அதோடயே அழிஞ்சிடுச்சு. இங்க பாரு, மெனுலயே அது இல்ல."

பார்த்தேன். இல்லை. ஒரு வாரமாக நான் தினமும் அமுக்கிய வரி, அந்த மெனுவில் இல்லை.

"திரும்ப ஆன் பண்ணிக் குடுங்கண்ணா."

"எதுக்கும்மா? மெஷின் இன்னும் ஸ்லோவாயிடும்."

"பண்ணுங்கண்ணா. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

அவர் பதறிப்போய் ஆன் செய்து கொடுத்தார். அன்று மாலை 90-ஆம் பக்கத்தில் ஹைபர்னேட் போட்டேன். மறுநாள் காலை ஒழுங்காக 90-ஆம் பக்கம் வந்தது. அதற்கு அடுத்த நாளும் விட்ட இடத்தில் சரியாக வந்து நின்றது. 46-ஆம் பக்கம் வரவே இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, தம்பியுடன் வேலை பார்த்த மூத்த மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். போலீஸில் இருந்த அவனுடைய கருவிப் பையை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பேனர், டார்ச், ஒரு ஜோடி கையுறை. அடியில் அவன் போன். கீறல்கூட இல்லை.

"போன் அவன்கிட்ட இல்லையா?" என்றேன்.

"குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிப் பையில வெச்சுடணும்மா. எங்க வேலைல அது ரூலு. காலைல பதினோரு மணிக்கு என் கண்ணு முன்னாடிதான் ஆஃப் பண்ணான். பை, மேல பத்தாவது மாடில என்கிட்டயே இருந்தது. அவன் மத்தியானமும் வெளிய வரல, முடிச்சுட்டுச் சாப்பிடறேன்னுட்டான்."

நாலு மணி வாக்கில் மேலே வந்தானா, யாருக்காவது மெசேஜ் அனுப்பப் போனானா என்று கேட்டேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாலு மணிக்கு அவன் ஏதும்மா... லிஃப்ட் இறங்கின நேரம் அதோட கன்ட்ரோல் போர்டுலயே பதிவாயிருக்கு. மூணு அம்பத்திரண்டு."

அவர் போன பிறகு போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தேன். சாட்டில் கடைசியாக நான் அனுப்பியதுதான் இருந்தது. கீழே அடிக்கும் பெட்டி காலி.

நான் போட்டு வைத்திருந்த கணக்குத் தப்பு. இரண்டு வார்த்தை பேசியிருந்தாலும் அவனைக் காப்பாற்றியிருக்க முடியாது. அப்பாவிடம் அதைச் சொன்னபோது, "இனிமேலாவது தூங்கும்மா" என்றார்.

எப்படித் தூங்குவது? 3:52-க்கு என் தம்பி செத்துப்போனான். செத்த அந்த நிமிடத்திலிருந்து பதினெட்டு நிமிடம், அவனுக்கே உரிய ஒற்றை விரலால், எனக்கு என்னவோ அடித்துக்கொண்டிருந்தான். எங்கேயோ போக வேண்டியவன் போகாமல் நின்று அடித்துக்கொண்டிருந்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.