மாட்டு வியாபாரியோடு டாக்டரிடம்

கொழிஞ்சாம்பாறைக் கல்யாண மண்டபத்தில் முழு உடல் பரிசோதனை முகாம் நடந்தது. படிவத்தில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் அடித்தேன். சர்க்கரைக்குக் குத்துகிற அதே ஊசியில் மற்றதெல்லாம் பார்த்துவிடலாம் என்றார்கள். ஒரே குத்தில் இத்தனை என்றால் படித்தவன் விடுவானா? புராஸ்டேட்டுக்கும் ஒரு டிக். எதற்குச் சம்மதிக்கிறேன் என்று வாசிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் அழகாகப் போட்டேன்.

முடிவில் புராஸ்டேட் எண் கொஞ்சம் கூடுதல். அடுத்த வாரமே சதைத்துணுக்கு எடுத்துப் புற்றுநோயா என்று பார்த்துவிடலாம் என்று முகாம்காரர்கள் போனில் தேதியே கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் இணையத்தில் வாசித்து, ஐந்தாறு விதமாகச் செத்துப் பார்த்தேன்.

பாலக்காட்டில் வேறொரு டாக்டரிடம் கேட்கப் போனபோது மனைவியின் தம்பியும் வந்தான். மாட்டு வியாபாரி. அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தால் மாட்டை விற்கிறவனுக்கு வியர்க்கும். டாக்டர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டான்.

"ஏனுங்க டாக்டர், இந்த டெஸ்ட்டு தப்பாக் காட்டுமுங்களா?"

"காட்டும். வயசுக்கு வர்ற வீக்கம், கிருமி, எதுன்னாலும் கூடும்."

"துணுக்கு எடுத்தா இவருக்கு என்னுங்க தொந்தரவு?"

"ரத்தம் போகலாம். சிலபேருக்குக் காய்ச்சல் வரும்."

"எடுக்காம உட்டா?"

"நோய் இருந்தா, தெரியறதுக்கு லேட்டாகும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கலாம். அப்பவும் கூடுதல்னா ஸ்கேன். அதுக்கப்புறம் துணுக்கு வேணுமான்னு யோசிக்கலாம். இப்பவே எடுக்கறதும் தப்பில்ல. தீருமானம் சாரோடது."

சார் திரும்பி மச்சினனைப் பார்த்தார்.

"என்னை எதுக்குங்க மாமா பாக்கறீங்க? மாடுன்னா சொல்லிப்போடுவேன். ஒடம்பு உங்களுது."

வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், அன்றைக்கு என் பங்குக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஆறு வாரம் பொறுத்தா எனக்கு ஆபத்துங்களா?"

"இந்த அளவுக்கு, அதுக்குள்ள பெருசா எதுவும் மாறாது. ஆனா மறக்காம வரணும்."

பொறுக்கிறேன் என்றேன். டாக்டர் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.

"அன்னிக்குப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையாச்சே. நீ வரவேண்டாம், நானே போயிக்கறேன்."

"இன்னிக்கும் செவ்வாய்தானுங்க மாமா" என்றான் மச்சினன்.